அயர்லாந்தின் சுட்ட கல் மேடுகள்: தோண்டினால் என்ன தெரியும்?

கேள்வி இதுதான்: "அயர்லாந்தில் புதிய சாலை போகும் தடத்தில், வெண்கலக் காலத்துச் சுட்ட கல் மேடு ஒன்றை வாரக்கணக்கில் தோண்டினார்கள் என்று படித்தேன். பானை ஓடு இல்லை, எலும்பு இல்லை, நகை இல்லை. கரியும் உடைந்த கல்லும்தான் வந்ததாம். அது என்ன மேடு? அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?"

மேடு என்று நாம் பார்ப்பது வெறும் கழிவு. தண்ணீரைச் சூடாக்கப் பயன்பட்டு, வெடித்துச் சிதறி, இனி உதவாது என்று வாரிக் கொட்டிய கற்களின் குவியல். உண்மையான விஷயம் அதன் அடியிலோ பக்கத்திலோ புதைந்து கிடக்கும் ஒரு தொட்டி. தோண்டுகிறவர்கள் தேடிப் போவது அந்தத் தொட்டியைத்தான்.

இடத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஓடைக்கரை, ஊற்றடி, சதுப்பின் விளிம்பு, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று ஈரம் உள்ள இடமாகத்தான் இருக்கும். காய்ந்த மேட்டு நிலத்தில் அபூர்வம். புல் மூடி, முழங்கால் உயரமோ இடுப்பளவோ இருக்கும். மேலிருந்து பார்த்தால் பல மேடுகள் குதிரை லாட வடிவில் தெரியும். புல்லைச் சீவினால் மைபோல் கறுத்த மண். அதற்குள் கைக்கு அடங்கும் அளவில், கூர்மையான விளிம்புகளோடு உடைந்த கற்கள். தலைமுறை தலைமுறையாக உழுத வயலானால் மேடு கரைந்து போயிருக்கும். ஏர் ஓட்டியதும் பழுப்பு மண்ணுக்கு நடுவே ஒரு கறுப்புத் திட்டு மட்டும் தெரியும்.

ஐரிஷ் மொழியில் இதற்கு ஃபுலக்த் ஃபியா என்று பெயர். அந்தத் தீவில் பதிவானவை மட்டும் 7,000-க்கு மேல். கார்க் மாவட்டத்தில் மட்டும் 2,000-க்கு அதிகம். நியூகிரேஞ்ச் போன்ற பெரிய கல்லறைகள்தான் சுற்றுலாப் படங்களில் வரும். ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால், வரலாற்றுக்கு முந்தைய அயர்லாந்து விட்டுச்சென்ற சின்னங்களில் முதலிடம் இந்த அழுக்கு மேடுகளுக்குத்தான். பெரும்பாலானவை கி.மு. 2500-க்கும் கி.மு. 500-க்கும் இடைப்பட்டவை. அதற்கு முந்தைய புதிய கற்காலத்தைச் சேர்ந்தவையும் உண்டு, பிந்தியவையும் உண்டு. அயர்லாந்துக்கு மட்டும் சொந்தமான பழக்கமும் அல்ல. ஸ்காட்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து, மான் தீவு, சுவீடன் என்று பல இடங்களில் இந்த வகை மேடுகள் இருக்கின்றன.

வேலை செய்யும் முறை எளிது. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் ஒரு நீள்சதுரக் குழி. சுமார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். மண் சரியாமல் இருக்கப் பலகை அடிப்பார்கள், அல்லது கல் பதிப்பார்கள், களிமண்ணும் பூசுவார்கள். சில இடங்களில் ஒரு முழு அடிமரத்தைக் குடைந்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டாம், தானாகவே ஊறி நிறையும். பக்கத்தில் அடுப்பு. அதில் விறகையும் கல்லையும் அடுக்கித் தீ மூட்டி, கல் நன்றாகப் பழுத்ததும் மரக் கவைகளாலோ வேறெதாலோ எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். தண்ணீர் சூடாகும், கல் வெடிக்கும். மேலும் மேலும் கல்லைப் போட்டுக்கொண்டே இருந்தால் கொதி வந்துவிடும்.

கல் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்கு போடலாம். தொட்டியில் 450 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அயர்லாந்து ஊற்று நீர் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 170 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 600 டிகிரிக்குச் சுட்ட ஒரு கிலோ மணற்கல் 100 டிகிரிக்கு இறங்கும்போது கொடுப்பது 0.4 மெகாஜூலுக்குக் கொஞ்சம் அதிகம். ஆக 400 கிலோ கல் தேவை. காற்றிலும் மண்ணிலும் போகும் வெப்பத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த 400 கிலோவும் தொட்டிக்குள் 160 லிட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே ஒருவர் கல் போடப் போட, ஆறிய கல்லை இன்னொருவர் அள்ளி வெளியே எறிந்தாக வேண்டும். ஒற்றை ஆள் செய்யக்கூடிய வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

எறிந்த கல் எங்கே விழும்? தொட்டியைச் சுற்றி மூன்று பக்கமும். நாலாவது பக்கம், அதாவது ஆட்கள் வந்துபோகும் பக்கமோ ஓடைப் பக்கமோ, காலியாக விடப்படும். லாட வடிவம் வந்தது இப்படித்தான். யாரும் திட்டம் போட்டு வளைத்துக் கட்டவில்லை.

கல்லின் வகையும் முக்கியம். மணற்கல்தான் அவர்களுக்குப் பிடித்தது. நல்ல மணற்கல்லைச் சில தடவை திரும்பத் திரும்பச் சுட்டுப் பயன்படுத்தலாம். அப்புறம் அது சிறு துண்டுகளாக உடைந்து, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் சக்தி போய்விடும். அப்போதுதான் அது மேட்டுக்குப் போகும். சுண்ணாம்புக்கல்லில் வேறு சிக்கல். அதிகம் சூடேறினால் நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும்: கல் சுட்ட சுண்ணாம்பாகி, தண்ணீரில் விழுந்ததும் நீறிப்போய், தொட்டி முழுக்கக் காரமான சுண்ணாம்பு நீராகிவிடும். அதில் எதைச் சமைத்தாலும் வாயில் வைக்க முடியாது. அதனால் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை உள்ள ஊர்களிலும், பனியாறுகள் கொண்டுவந்து போட்ட மணற்கற்களைப் பொறுக்கியெடுத்துப் பயன்படுத்திய இடங்கள் இருக்கின்றன. எந்தக் கல் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்கு அத்துப்படியாகத் தெரிந்திருக்கிறது.

இனி அகழாய்வுக்கு வருவோம்.

இன்று அயர்லாந்தில் தோண்டப்படும் மேடுகளில் பெரும்பாலானவை ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆசைப்பட்டுத் தேடிப்போனவை அல்ல. சாலை, எரிவாயுக் குழாய், வீட்டுமனை என்று ஏதோ ஒரு கட்டுமானத்தின் வழியில் சிக்கியவை. 1981-82-இல் கார்க்கிலிருந்து டப்ளின் வரை எரிவாயுக் குழாய் பதித்தபோதே கணிசமானவை வெளிவந்தன. 1990-களின் கடைசியிலிருந்து நெடுஞ்சாலைகள் போடப்போட, நூற்றுக்கணக்கில் வந்தன. அங்கே அகழாய்வுக்கு அரசு உரிமம் வேண்டும், அது ஒரு குறிப்பிட்ட ஆய்வாளரின் பெயரில்தான் தரப்படும். செலவு கட்டுமானம் செய்கிறவர் தலையில்.

முதலில் தடம் முழுக்கச் சோதனைக் குழிகள் வெட்டுவார்கள். காந்தமானி கொண்டு நிலத்தின் மேலாகவே அளந்துபார்ப்பதும் உண்டு. சூடேறி ஆறிய கல்லில் காந்தத்தன்மை மாறியிருக்கும் என்பதால், திரையில் அந்தத் திட்டு பளிச்சென்று தெரியும். அப்புறம் பொக்லைன் வரும். அதன் பக்கெட்டில் பல் இருக்கக் கூடாது, தட்டையான விளிம்பு மட்டுமே. ஆய்வாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மேல்மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சீவச் சொல்வார். கறுப்பு தெரிந்ததும் வண்டி நிற்கும். அதற்கு மேல் மண்வெட்டி, கொத்துக் கரண்டி, வாளி.

மேட்டை ஒரேயடியாக அள்ளிவிடக் கூடாது. நான்கு கால் பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் எடுப்பார்கள், அல்லது பாதியை விட்டு மீதிப் பாதியை எடுப்பார்கள். நிற்கும் பாதியின் வெட்டுமுகத்தில்தான் கதை இருக்கிறது. கவனமில்லாமல் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் ஈரப்படுத்தி, கரண்டியால் சுத்தமாகச் சீவிவிட்டுப் பார்த்தால், பெரிய கல் அதிகமுள்ள ஒரு படிவு, கல் பொடிந்து கரி மிகுந்த இன்னொரு படிவு, நடுவே மெல்லிய கோடாக வண்டலோ சதுப்புக் கரிமண்ணோ தெரியும். அந்த மெல்லிய கோடு கிடைத்தால் ஆய்வாளருக்குக் கொண்டாட்டம். கொஞ்ச காலம் யாரும் வரவில்லை, புல் முளைத்தது, வெள்ளம் வந்து போனது, பிறகு மறுபடியும் வந்து தீ மூட்டினார்கள் என்று அதற்கு அர்த்தம். வெட்டுமுகத்தைப் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைவார்கள், தரைப்படத்தை இருபதில் ஒரு பங்கில். படம் எடுப்பதோடு கையால் வரைவதும் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. வரையும்போதுதான் கண் நிஜமாகப் பார்க்கிறது என்பது பழைய கைகளின் வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான்.

மேடு போனதும் அடியில் குழிகள் தெரியும். அவையும் அதே கறுப்புக் கல்லால் நிரம்பியிருக்கும். எது தொட்டி, எது வெறும் பள்ளம், எது பழைய தொட்டியை வெட்டிக்கொண்டு போகும் புதிய தொட்டி என்று விளிம்புகளை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நான்கு தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதும் சகஜம். தொட்டிக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் கடைசித் தடவை போட்டு அள்ளாமல் விட்டது, அல்லது மேட்டிலிருந்து பின்னால் சரிந்து விழுந்தது.

இங்கே ஒரு தொல்லை உண்டு. தண்ணீர் ஊற வேண்டும் என்றே தோண்டிய குழி இது. 3,500 ஆண்டு கழித்தும் அது தன் வேலையைச் செய்யும். மாலையில் சுத்தமாக்கி வைத்த தொட்டி காலையில் விளிம்புவரை நிரம்பியிருக்கும். பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது மாற்றி மாற்றி வாளியால் இறைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நிறைகிறது என்று குறித்துக்கொண்டால் அதுவே ஒரு தரவு.

அந்த ஈரத்தால் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் மரம் மக்காது. தொட்டியின் அடியில் பதித்த பலகைகள், மூலைகளில் அடித்த முளைகள், பலகை இடுக்கில் அடைத்த பாசி எல்லாம் அப்படியே இருக்கும். சேற்றைத் தண்ணீர் தெளித்துக் கழுவினால் பலகையின் மேல் கோடரி வெட்டு தெரியும். கல் கோடரி வெட்டினால் குட்டையாக, மேடுபள்ளமாக, நைந்தாற்போல் இருக்கும். உலோகக் கோடரியின் வெட்டு நீளமாக, வழுவழுப்பாகச் சீவியதுபோல் இருக்கும். வெட்டு முடிகிற இடத்தில் கோடரி வாய் மாட்டி நின்ற வளைவு அப்படியே பதிந்திருந்தால், அந்த வாயின் அகலத்தையும் வளைவையும் அளந்து, எந்தக் காலத்துக் கோடரி என்று சொல்லிவிடலாம். கோடரி வாயில் ஒரு சின்னப் பொக்கை இருந்தால், வெட்டிய ஒவ்வொரு முகத்திலும் ஒரே இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அதை வைத்து இரண்டு பலகைகளைச் சீவியது ஒரே கோடரிதானா என்றுகூடப் பார்க்கலாம். கோடரி கிடைக்கவில்லை, கோடரி பிடித்தவர் யாரென்று தெரியாது, அவருடைய கோடரியில் இருந்த பொக்கை மட்டும் தெரிகிறது! எனக்கு இதில் உள்ள சுவாரசியம் தங்க நகையில் இல்லை.

அந்த மரத்தை வெயிலில் ஒரு மணி நேரம் விட்டால் போதும், வெடித்துவிடும். அதனால் நனைத்துக்கொண்டே, பாலிதீன் போர்த்தி, வரைந்து, படமெடுத்து, ஈரமாகவே பொட்டலம் கட்டி அனுப்புவார்கள்.

தேதி கண்டுபிடிப்பதில் பொதுவாகப் பேசப்படாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேடு முழுக்கக் கரி என்பதால் கதிரியக்கக் கார்பன் முறைக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். ஆனால் எந்தக் கரியை அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓக் மரம் பல நூறு ஆண்டு வாழும். அதன் நடுவயிரம் மரம் வெட்டப்படும் நாளைவிட இருநூறு முந்நூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம். அந்தத் துண்டு சோதனைக்குப் போனால், தீ மூட்டிய நாளைவிட அத்தனை ஆண்டு பழைய தேதி வந்துவிடும். எனவே முதலில் கரியை நுண்ணோக்கியில் வைத்து மரவகை பார்ப்பார்கள். ஆல்டர், ஹேசல், ஆஷ், ஓக் ஆகியவைதான் அதிகம் வரும். அவற்றில் ஹேசல் போன்ற குறைந்த ஆயுள் மரத்தின் சுள்ளியையோ, கருகிய ஹேசல் கொட்டை ஓட்டையோ தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். அப்போதும் விடை ஒற்றை ஆண்டாக வராது, நூறு இருநூறு ஆண்டு இடைவெளியாகவே வரும். கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலம் இன்னும் மோசம். வளிமண்டலக் கார்பன் அளவு அந்தக் காலத்தில் நடந்துகொண்ட விதத்தால், நானூறு ஆண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். தொட்டியில் நல்ல ஓக் பலகை இருந்தால் வேறு வழி உண்டு. மர வளையங்களை எண்ணிப் பொருத்தலாம். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தினர் 7,000 ஆண்டுகளுக்கு மேல் நீளும் ஐரிஷ் ஓக் வளைய வரிசையைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பட்டைவரை மரம் மிஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம்.

சரி, இவ்வளவு வெந்நீர் எதற்கு? சண்டை ஆரம்பிப்பது இங்கேதான்.

பழைய பதில் சமையல். 17-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் என்ற பாதிரியார் தம் அயர்லாந்து வரலாற்றில், ஃபியன்னா எனும் புராண வீரர்கள் வேட்டைக்குப் பிறகு குழி தோண்டி, சூடான கல் போட்டு, புல்லில் சுற்றிய இறைச்சியை வேகவைத்ததாக எழுதினார். இன்னொரு குழியில் அவர்கள் குளித்ததாகவும் அதே இடத்தில் சொல்கிறார். சமையல்காரர்கள் கட்சி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது, குளியல் கட்சி பின்னால் வந்து இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. வெண்கலக் காலம் முடிந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட புராணச் செய்தியை எந்தக் கட்சியும் சாட்சியாக நிறுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

1952-இல் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் எம். ஜே. ஓ'கெல்லி, பாலிவோர்னி என்ற ஊரில் ஒரு மேட்டைத் தோண்டினார். மரத்தொட்டி, அடுப்புகள், கல் பதித்த ஒரு குழி, குடிசை இருந்ததற்கான தடங்கள் எல்லாம் கிடைத்தன. பின்னாளில் நியூகிரேஞ்சைத் தோண்டியவரும் இவரே. தோண்டி முடித்ததோடு நிற்காமல், அந்தத் தொட்டியை அங்கேயே திரும்ப அமைத்துச் சமைத்துப் பார்த்தார். தொட்டி கொண்டது 454 லிட்டர், அதாவது 100 கேலன். சுட்ட கல்லைப் போட்டு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் கொதி வந்துவிட்டது. பத்து பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ ஆட்டுத் தொடையை வைக்கோலில் சுற்றிக் கட்டி இறக்கினார்கள். பவுண்டுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் இன்னொரு 20 நிமிடம் என்பது அந்த ஊர் வீட்டுச் சமையல் கணக்கு. அதன்படி 3 மணி 40 நிமிடம். அவ்வப்போது ஒரு கல்லைப் போட்டுக் கொதியைக் காத்தார்கள். கறி நன்றாக வெந்தது. வைக்கோல் சுற்றியிருந்ததால் சாம்பலும் ஒட்டவில்லை. சில ஆண்டு கழித்து, டிரோம்பெக் கல்வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியில் இன்னொரு சோதனை நடந்தது. அங்கே 70 கேலன், அதாவது சுமார் 320 லிட்டர் நீர் 18 நிமிடத்தில் கொதித்தது. பிறகு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் சூடு ஆறாமல் இருந்தது.

அருமையான சோதனைகள். ஆனால் இவை காட்டுவது முடியும் என்பதை மட்டும்தான். செய்தார்கள் என்பதற்கு எலும்பு வேண்டும், அதுதான் பெரும்பாலான மேடுகளில் இல்லை. அயர்லாந்தின் பல பகுதிகளில் மண் அமிலத்தன்மை உள்ளது, எலும்பு கரைந்துபோயிருக்கும் என்று சமையல் கட்சி சொல்லும். அதில் நியாயம் இருக்கிறது. கிளேர் மாவட்டத்தின் பரன் சுண்ணாம்புப் பாறைப் பகுதியில், ஃபாஹி சவுத் என்ற இடத்து மேட்டில் மாடு, குதிரை, சிவப்பு மான் எலும்புகள் கிடைத்தன. அங்கே மண் எலும்பைக் காப்பாற்றும் வகை. ஆனால் எலும்பு மிஞ்சக்கூடிய வேறு இடங்களிலும் கொஞ்சமாகத்தான் வந்திருக்கிறது. அங்கே வேகவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றிருக்கலாம் என்றும் சொல்லலாம். சொல்லிக்கொண்டே போகலாம்.

1987-இல் லாரன்ஸ் பார்ஃபீல்டும் மைக் ஹாடரும் பர்மிங்ஹாம் பக்கத்து மேடு ஒன்றைத் தோண்டிவிட்டு, இது சமையலறை இல்லை, நீராவிக் குளியலறை என்று எழுதினார்கள். சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்து, மேலே தோலைப் போர்த்திய கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் சரிதான். அடுத்த ஆண்டே டியர்மிட் ஓ டிரிஸ்கால் சமையலா குளியலா என்று ஒரு கட்டுரை எழுதி, சமையலுக்காக வாதாடினார். சில இடங்களில் குழியைச் சுற்றி வட்டமாகக் குச்சி நட்ட துளைகள் தெரிவது குளியல் கட்சிக்குப் பலம். ஆனால் ஆவி மட்டும் வேண்டுமென்றால் 450 லிட்டர் தொட்டி எதற்கு என்ற கேள்வி இருக்கிறது.

2007-இல் கால்வேயைச் சேர்ந்த பில்லி க்வின், டெக்லன் மூர் என்ற இரண்டு தொல்லியலாளர்கள் பீர் என்று ஒரு போடு போட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா! மரத்தொட்டியில் சுமார் 300 லிட்டர் தண்ணீரை நிரப்பி, சுட்ட கல்லால் 60-70 டிகிரிக்குச் சூடாக்கி, அரைத்த முளைகட்டிய பார்லியைச் சேர்த்து ஊறவிட்டு, இனிப்புச் சாறு இறக்கி, நொதிக்க வைத்துக் காட்டினார்கள். கூத்தில் அறிவியலும் இருக்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதற்கு அந்தச் சூடுதான் சரி, கொதி தேவையில்லை. ஆனால் தொட்டிகளிலும் மேடுகளிலும் கருகிய தானியம் மிக அரிதாகவே வருகிறது. நூற்றுக்கணக்கில் தோண்டியும் முளைகட்டிய பார்லிக் குவியல் சிக்கவில்லை என்பதால், இதை நான் நல்ல விருந்துக் கதையாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கம்பளி அலசுதல், துணிக்குச் சாயம் ஏற்றுதல், தோல் பதனிடுதல், மரத்தை ஆவியில் வளைத்தல் என்று இன்னும் பட்டியல் நீளும். இதில் எதுவும் முடியாத காரியம் இல்லை. என் கருத்து, ஒரே பதிலைத் தேடுவதில்தான் கோளாறு. 2,000 ஆண்டுகளில், 7,000 இடங்களில் செய்ததற்கெல்லாம் ஒரே காரணம் எப்படி இருக்கும்? பொதுவானது வெந்நீர். அதிலும், ஒரு பானையில் அடங்காத அளவு வெந்நீர். அவர்களிடம் மண்பானை இருந்தது. சின்னக் குடும்பத்துக்குக் கறி வேகவைக்க யாரும் 400 கிலோ கல்லைச் சுட மாட்டார்கள். ஆட்கள் கூடி ஒரு காரியம் செய்த நாள்களில்தான் இந்தத் தொட்டி பயன்பட்டிருக்கும். அந்தக் காரியத்தில் இறைச்சிக்கு முதலிடம் இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. வெண்கலக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் பெரிய வெண்கலக் கொப்பரைகள் வருகின்றன, அதை ஒட்டிய காலத்தில் இந்த மேடுகள் குறைகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்க இடம் இருக்கிறது.

எத்தனை நாள் அப்படிக் கூடினார்கள் என்பதையும் மேட்டின் அளவை வைத்து ஊகிக்கலாம். 40 கன மீட்டர் மேடு என்றால், மண்ணும் கரியும் போக 45 டன் கல் இருக்கும். ஒரு கல்லை நாலு தடவை பயன்படுத்தினார்கள் என்றால், ஒவ்வொரு கொதிக்கும் சுமார் 100 கிலோ கழிவு. ஆக 450 தடவை. மாதம் ஒருமுறை என்றால் முப்பத்தேழு ஆண்டு. ஆண்டுக்கு இருமுறை என்றால் 225 ஆண்டு. எது சரி என்பதை வெட்டுமுகத்தில் தெரியும் அந்த மெல்லிய வண்டல் கோடும், அடுக்குக்கு அடுக்கு எடுத்த கரியின் தேதிகளும்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் கேட்ட மெனக்கெடல் இதற்குத்தான். தோண்டி முடித்த மேடு அப்புறம் இருக்காது, அதன் மேல் தார் போட்டுவிடுவார்கள். கோட்டைக் குறிக்காமல் விட்டால் திரும்பிப்போய்ப் பார்க்க வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒற்றை மேடு பெரிதாக எதுவும் சொல்லாது. கரி, கல், காலித் தொட்டி என்று மூன்று பக்க அறிக்கையில் முடிந்துவிடும். அத்தனை அறிக்கைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் எந்தக் காலத்தில் மேடுகள் அதிகமாயின, எந்த மண்ணில் எந்த மரத்தை எரித்தார்கள், குடியிருப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தன என்பதெல்லாம் தெரிகிறது. முன்பெல்லாம் இவை வீடுகளை விட்டு விலகிக் காட்டில் இருந்த வேட்டைக்காரர் முகாம்கள் என்ற எண்ணம் இருந்தது. சாலைத் தடங்களை அகலமாகச் சீவிய பிறகு, சில மேடுகளுக்கு அருகிலேயே வீடுகளின் தடங்களும் தெரிந்தன. மேடு ஈரப் பள்ளத்தில் இருக்கும், வீடு சற்று மேலே காய்ந்த மண்ணில் இருக்கும். மேட்டை மட்டும் தோண்டிய காலத்தில் அந்த வீடு கண்ணில் படவில்லை. அதே சமயம், சாலை போகாத மலைச்சரிவுகளில் என்ன இருக்கிறது என்பதற்கு இந்தத் தரவு பதில் சொல்லாது. கார்க்கில் இத்தனை அதிகமாக இருப்பதில்கூட, அங்கே களப்பணி நெடுங்காலம் நடந்ததற்கும் ஒரு பங்கு உண்டு.

நேரில் பார்க்க விரும்பினால், மேற்குக் கார்க்கில் டிரோம்பெக் கல்வட்டத்துக்குப் போங்கள். வட்டத்தைப் படம் பிடித்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மேற்கே நடந்தால் குடிசையின் கல் அடித்தளமும், கல் பதித்த தொட்டியும், பக்கத்தில் அடுப்பும் திறந்தவெளியில் இருக்கின்றன. வெக்ஸ்ஃபர்ட் அருகே ஃபெரிகாரிகில் உள்ள தேசிய மரபுப் பூங்காவில் புதிதாக அமைத்த மாதிரி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் லிடில் என்ற இடத்தில் கல் பலகைகளால் ஆன பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. எங்கே போனாலும் தொட்டியைப் பார்த்த பிறகு, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடுங்கள்.